மகள் எனக்குச் சொல்லாத செய்தி

பிப்ரவரி 3

எதிர்வீட்டு பேக்கரிக்காரர் இன்று ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தராமலேயே நின்றார்.

“டீச்சர், மலை எப்படி இருக்கு?”

“அங்கேயேதான் இருக்கு. திரும்பிப் பாருங்க.”

“நேத்து ட்ரே எல்லாம் கிடுகிடுன்னு ஆடுச்சு. உங்க பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?”

“ஒண்ணும் சொல்லல.”

“சொல்லியிருக்கும். நீங்கதான் வாயைத் திறக்க மாட்டீங்க” என்று கண்ணடித்துவிட்டு ரொட்டியைத் தந்தார்.

மகள் எரிமலைக் கண்காணிப்பு நிலையத்தின் தலைவியானதிலிருந்து தெருவில் எனக்கு இதே பாடுதான். வகுப்பில் பூகோளம் நடத்திய காலத்தில் இத்தனை பேர் என்னிடம் சந்தேகம் கேட்டதில்லை.

பொறுப்பேற்ற அன்றே என்னையும் என் வீட்டுக்காரரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்: “அம்மா, மலை விஷயம் என்கிட்ட கேக்கக் கூடாது. நானும் சொல்ல மாட்டேன். ஊருக்குத் தெரியறப்போதான் உங்களுக்கும் தெரியும்.”

இவர் முகம் சுருங்கிவிட்டது. “பெத்தவங்களுக்குக்கூடவா?”

“பெத்தவங்களுக்குத்தான்ப்பா முக்கியமா.”

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 6

தலைச்சாயம் பூச அடுத்த வீட்டு பார்லர்காரம்மாவிடம் போனேன். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “ஏன் டீச்சர், நம்ம ஊருக்கு மட்டும் ஏன் இந்த ஆட்டம்? எங்க அக்கா ஊர்ல ஒரு டம்ளர்கூட ஆடினதில்லையாம்.”

கண்ணாடியில் என் வகிட்டைக் காட்டினேன். வகிட்டின் இரண்டு பக்கமும் புதிதாக வெள்ளை முளைத்து, போன மாதம் பூசிய கறுப்பை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது அல்லவா? நடுக்கடலின் அடியிலும் அப்படி ஒரு வகிடு ஓடுகிறது. அதில் புதுப் பாறை பிறந்து பழைய பாறையை இரு பக்கமும் தள்ளுகிறது. தலைமுடி வளர்வதைவிடவும் மெதுவாகத்தான். ஆனால் நிற்பதில்லை. அப்படித் தள்ளப்பட்ட கடல்தரை நம் கரைக்கு அருகே வந்து, நாம் நிற்கிற நிலத்துக்கு அடியில் சரிந்து இறங்குகிறது.

“அது சும்மா போக வேண்டியதுதானே?”

“உங்க மேஜை இழுப்பறை சிக்கிக்கிட்டா சும்மாவா வருது?”

அவள் சிரித்தாள். அந்த இழுப்பறையோடு அவள் தினமும் மல்லுக்கட்டுவதைத் தெருவே அறியும். இழுக்க இழுக்க வராது. பிறகு வெடுக்கென்று வந்து ஆளையே பின்னால் தள்ளும். கடல்தரையும் நம் நிலமுமாகிய இரண்டு பாறைத்தட்டுகள் ஒன்றோடொன்று சிக்கி, அழுத்தம் சேர்ந்து சேர்ந்து, வெடுக்கென்று நழுவுவதுதான் நிலநடுக்கம்.

“சரி, மலை ஏன் நெருப்பு கக்குது?”

பனிக்கட்டி மேல் உப்புத் தூவினால் என்ன ஆகும் என்று கேட்டேன். உருகும் என்றாள். சூடு கூட்டினோமா? இல்லை. உப்புச் சேர்ந்ததால், இன்னும் குறைந்த சூட்டிலேயே உருகத் தொடங்குகிறது. கீழே இறங்கும் கடல்தரை தன்னோடு தண்ணீரையும் கொண்டுபோகிறது. ஆழத்தில் அந்தத் தண்ணீர் கசிந்து மேலே உள்ள சுடுபாறையில் கலந்ததும், அதுவரை கெட்டியாக இருந்த பாறை உருக ஆரம்பிக்கிறது. உருகியது லேசானது, மேலே ஏறுகிறது. அதனால்தான் கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வரிசையாக மலைகள்.

“டை அடிக்க வந்துட்டு பூமிக்கே வகிடு எடுத்துட்டீங்களே டீச்சர்!”

இப்படி ஒரு மாணவி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் நான் இன்னும் ஓய்வே பெற்றிருக்க மாட்டேன்.

பிப்ரவரி 8

மறுபடி ஆடியது. இவர் குறட்டை மட்டும் ஆடாமல் அசையாமல்.

பிப்ரவரி 12

என்ன சொல்வது! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பல மாதமாக இழுத்தடித்த பெயிண்டர் இன்று காலை வந்து நின்றார். கூடத்துச் சுவரில் ஈரம் ஊறிப்போயிருந்தது. பீரோ, கட்டில், புத்தக அலமாரி எல்லாவற்றையும் தெருவோரம் இறக்கினோம். இவர் பெட்டிகளில் துணியைத் திணித்துக் கயிறு கட்டினார். நான் உள்ளே சுவரைச் சுரண்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து பார்த்தால் பேக்கரியின் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. வண்டியில் மாவு மூட்டை, மெத்தை, மனைவி. பார்லர்காரம்மா கண்ணாடியைக் கழற்றுகிறாள். தெருக்கோடி வரைக்கும் வண்டிகள் உறுமுகின்றன.

“ஐயையோ, பெயிண்ட் அடிக்கறாங்க! பெயிண்ட்!” என்று கத்திக்கொண்டே ஓடினேன். யார் கேட்டார்கள்?

“பீரோவையே வெளிய போட்டுட்டீங்க. இன்னுமா மறைக்கறீங்க?” என்று பேக்கரிக்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டார். பெயிண்டர் பாவம், தூரிகையும் கையுமாக வாசலில் நின்று, “நான் என்னம்மா பண்ணேன்?” என்றார்.

பாதித் தெரு காலி.

பிப்ரவரி 13

மகள் போன் செய்தாள். கண்காணிப்பு நிலையத்துக்கு நேற்று முழுக்க அழைப்பு மேல் அழைப்பாம். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டிருக்கிறார்கள்: ஊருக்கு அறிவிக்கும் முன் குடும்பத்துக்குத் தகவல் தந்தாயா? விசாரணை முடியும்வரை பொறுப்பில் இருக்கலாமாம். பிறகு தெரியாதாம்.

எனக்கு வாய் குழறியது. “என்னாலயா? என்னாலயாடி இதெல்லாம்? ஒரு சுவத்துக்கு ஆசைப்பட்டு...”

“அம்மா, அழாத. ‘என் தாயார் கூடத்துக்கு இளம்பச்சை அடித்தார்’னு விளக்கம் எழுதிட்டிருக்கேன். அந்த ஆபீஸுக்கு இந்த மாதிரி ஒரு பதில் இதுவரைக்கும் போயிருக்காது.”

சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது. “வேலை போனா போகட்டும்மா. நாளைக்கு நான் நிஜமாவே கிளம்புங்கன்னு சொல்றப்போ யாரும் கிளம்பலன்னா? அதை நினைச்சாதான் தூக்கம் வரல.”



பிப்ரவரி 16

ஓடியவர்கள் திரும்பிவிட்டார்கள். பேக்கரிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி, ரொட்டி வாங்க வந்த ஒருவரிடம் சொன்னார்: “பிசைஞ்ச மாவெல்லாம் குப்பைக்குப் போச்சு. இனிமே மலையே வந்து கதவைத் தட்டினாலும் நான் நகர மாட்டேன்.”

மற்றவர்களோ வேறு கட்சி. வண்டியில் ஒலிபெருக்கி வைத்து என்ன சொன்னாலும் சரி, டீச்சர் வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதுமாம். டீச்சர் இருந்தால் இருப்பார்களாம், போனால் போவார்களாம். மலைச்சரிவில் என் மகள் பதித்துவைத்த கருவிகளுக்கு இல்லாத மதிப்பு என் கொடித்துணிக்கு.

இவர் சொல்கிறார், “பேசாம என் தம்பி வீட்டுக்குப் போயிடலாம். நம்மளைப் பாத்தாத்தானே வம்பு?”

போனால் அதுவும் ஒரு சேதியாகிவிடும். போகக் கூடாது. கண் மருத்துவரிடம் போகக்கூட இப்போது கைவீசிக்கொண்டு போகிறேன். பை எடுத்தால் தெருவே எட்டிப்பார்க்கிறது.

பிப்ரவரி 20

ஆட்டத்தின் ஜாதி மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒரு வெடுக், பிறகு அமைதி. இப்போது நாள் முழுக்க ஒரு மெல்லிய உதறல். தண்ணீர் வரும் முன் குழாய் இருமுமே, காற்றும் சத்தமுமாக, அப்படி. கீழிருந்து ஏறி வரும் பாறைக்குழம்பும் வாயுவும் விரிசல்களில் வழி தேடும்போது மலை இப்படித்தான் உதறும். ஆனால் குழாய் இருமியதும் தண்ணீர் வந்தே தீரும் என்று யார் சொன்னது? எத்தனை காலை வாளியை வைத்துவிட்டு ஏமாந்திருக்கிறோம்! இதைத்தான் என் மகள் தினமும் எடைபோட வேண்டும். வெடிக்காத மலைக்காக ஊரைக் கிளப்பி அனுப்பினாலும் குற்றம், அனுப்பாமல் இருந்தாலும் குற்றம்.

மாலையில் பேசினாள். என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்றாள். குரலில் அப்படி ஒரு களைப்பு. கேள்வி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. இரண்டு பேரும் முழங்காலைப் பற்றியே பேசினோம்.

பிப்ரவரி 24

துறைமுகத்துக்கு அப்பால் உள்ள பள்ளியில், ஒரு வகுப்பறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் பார்லரில் இருந்தேன். போன தடவை பூசியது அதற்குள் வெளுத்துவிட்டதென்று மறுபடி தலை நிறையச் சாயம், மேலே பிளாஸ்டிக் உறை. அப்போதுதான் ஒலிபெருக்கி வண்டி தெருவுக்குள் வந்தது. பதிவு செய்த குரல். என் மகளுடையது.

“இது கண்காணிப்பு நிலையத்தின் அறிவிப்பு. மலையின் இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லோரும் இன்று மாலைக்குள் வெளியேற வேண்டும்...”

குரலில் நடுக்கம் இல்லை. அவசரமும் இல்லை. நன்றாகப் படித்துவந்த பாடத்தை ஒப்பிப்பதுபோல் தெளிவாகச் சொன்னாள்.

அப்படியே வாசலுக்கு ஓடினேன். தெருவில் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள், ஆனால் ஒருவரும் வண்டியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். எங்கள் கொடியில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. இவர் அப்போதுதான் ஒரு மாதத்துக்கான அரிசியை வாங்கி, மூட்டையை வாசற்படியில் இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

பேக்கரிக்காரர் தெருவைக் கடந்து வந்தார். என் தலையைப் பார்த்தார். காதோரம் சாயம் வழிந்துகொண்டிருந்தது.

“டீச்சர்... உங்களுக்கும் இப்பத்தான் தெரியுமா?”

“இப்பத்தான்.”

“நிஜமா?”

“இந்தக் கோலத்துல நின்னுக்கிட்டு பொய் சொல்வேனா?”

அவர் இவரையும் அரிசி மூட்டையையும் ஒரு தடவை பார்த்தார். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. திரும்பித் தெருவைப் பார்த்துக் கத்தினார்: “ஏய், பெத்த அம்மாவுக்கே சொல்லலப்பா அந்தப் பொண்ணு! இனிமே இவங்க வீட்டைப் பாத்துப் பிரயோஜனமில்ல, அந்தக் குரல் சொல்றதுதான் நிஜம். கிளம்புங்க, கிளம்புங்க!”

எங்களை ஏற்றிவந்ததும் அவருடைய ரொட்டி வண்டிதான்.

வழியில் இவர் மெதுவாகச் சொன்னார்: “ஒரு போன் பண்ணியிருக்கலாம்.”

ஒரு நிமிடம் எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. பெற்ற வயிறு இல்லையா? ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெரு மொத்தமும் எங்களுக்குப் பின்னால் வரிசையாக வந்துகொண்டிருந்தது. அவள் ஒரு போன் செய்திருந்தால், எனக்கு ஒரு மணி நேரம் முன்னால் தெரிந்திருந்தால், நான் துணியை எடுத்து மடித்திருப்பேன், அவ்வளவுதான். மடித்த துணியைப் பார்த்ததும் இதுவும் பெயிண்ட் கதைதான் என்று இவர்களில் பாதிப்பேர் வந்திருக்க மாட்டார்கள்.

இவரிடம் இதைச் சொன்னேன். இவரும் திரும்பிப் பின்னால் வரும் வரிசையைப் பார்த்தார். பிறகு, “உன் பொண்ணாச்சே” என்றார். சண்டை போடும்போது மட்டும் சொல்கிற வார்த்தை. இன்று வேறு மாதிரி சொன்னார்.

பிப்ரவரி 25

சாயத்தைப் பாதியில் கழுவியதில் தலை ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் செம்பட்டை. முகாமில் என்னை அடையாளம் கண்டுபிடிப்பது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது.

பிப்ரவரி 28

மலை சும்மா இருக்கிறது. முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது. “எத்தனை நாள் டீச்சர் இப்படியே?” என்றார் பேக்கரிக்காரர். தெரியாது என்றேன். இந்த முறை நம்பினார்.

மார்ச் 2

வெடித்துவிட்டது. இன்று விடியற்காலையில்.

முதலில் சத்தம்கூட இல்லை. மைதானத்தில் நின்று பார்த்தோம் — மலைக்கு மேல் இன்னொரு மலை வளர்ந்தது. கறுப்பாக. பிறகுதான் அந்த முழக்கம், நெஞ்சுக்குள்ளேயே உருண்டது. இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 4

நிலைமை பார்க்கப் போன மீட்புக் குழு படம் எடுத்துவந்து காட்டியது. எரிமலைச் சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் இல்லை, பொடிந்த பாறை. மழையும் சேர்ந்துகொண்டதும் ஒவ்வொரு கூரை மேலும் சிமென்ட் மூட்டைகளை அடுக்கியதுபோல் கனத்திருக்கிறது. பேக்கரியின் கூரை அடுப்பு மேலேயே உட்கார்ந்துவிட்டது. எங்கள் இளம்பச்சைச் சுவர் நிற்கிறதாம்.

பேக்கரிக்காரர் படத்தை வெகுநேரம் பார்த்தார். “விடியக்காலை, டீச்சர். ரொட்டி போடற நேரம். நான் அங்கேதான் நின்னுட்டிருந்திருப்பேன்.”

படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த முறை நான் உதாரணம் ஒன்றும் சொல்லவில்லை.

மலையின் இந்தப் பக்கத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்க்கிறேன். ஓர் உயிர்கூட.

மார்ச் 11

மகள் வந்தாள். புருவம்வரை சாம்பல். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வகுப்பறை மூலையில் பாயில் சுருண்டவள் மாலைவரை எழுந்திருக்கவில்லை. பேக்கரிக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எட்டிப்பார்த்தவர்களை எல்லாம் “உஷ், போங்க அந்தப் பக்கம்” என்று விரட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சத்தம்தான் எல்லாரையும்விட அதிகம்.

எழுந்ததும் சொன்னாள், விசாரணை முடிந்துவிட்டதாம், அவள் மேல் குற்றம் இல்லையாம். அதிகாரி முகாமுக்கு வந்து எங்கள் தெருக்காரர்களைத் தனித்தனியாக விசாரித்திருக்கிறார். எங்களுக்கே தெரியாது. பேக்கரிக்காரர் அவரிடம் கேட்டாராம்: “சார், அவங்க அம்மா தலையைப் பாத்தீங்களா? முன்னாடியே தெரிஞ்சவங்க தலை இப்படியா இருக்கும்?”

மகள் என் முடியைத் தொட்டுப் பார்த்தாள். “ஃபைல்ல எழுதியிருக்காங்கம்மா, சாயத்தைப் பத்தி” என்றாள். இருவரும் சிரித்ததில் பார்லர்காரம்மா ஓடிவந்து பார்த்தாள்.

மார்ச் 26

காலையில் மகள் பேசினாள். அப்பா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாரா, முகாமில் கொசு எப்படி என்றெல்லாம் விசாரித்தாள். நிறைய நேரம் பேசினாள்.

மத்தியானம் பேக்கரிக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “டீச்சர்! டீச்சர்! நாளைக்கு வீட்டுக்குப் போகலாமாம்! இப்பத்தான் வண்டியில சொல்லிட்டுப் போறாங்க, உங்க பொண்ணு குரல்தான். உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாதே.”

அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பெஞ்சை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டு, எந்தத் தெருவுக்கு எந்த நேரம், கூரை மேல் யார் ஏறக் கூடாது, மூக்கை எதனால் மூட வேண்டும் என்று என் மகள் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து எனக்கு விளக்க ஆரம்பித்தார். நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.