உடும்பைத் தொட்ட கை

செவ்வாய், இரவு. ஸ்ரீவில்லிபுத்தூர்.

இன்று மாலை வயிற்றுக்குள் பிள்ளை முதன்முறையாக அசைந்தது. பைக் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய், "வாங்க, தொட்டுப் பாருங்க" என்றேன். இவர் எட்டியே நின்றார். வன்னியம்பட்டியில் ஒரு வீட்டுக்குள் புகுந்த உடும்பைப் பிடித்து, காட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"கிட்ட வராதட்டி. கையெல்லாம் அதோட எச்சம்."

உடும்பு, பாம்பின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும், அவற்றை அது ஒன்றும் செய்யாது, ஆனால் கர்ப்பிணிக்குத் தொற்றினால் பிள்ளைக்கே ஆபத்தாகலாம் என்று ராஜபாளையம் டாக்டரம்மா போன வாரம் சொன்னார். அன்றிலிருந்து இப்படித்தான். நல்லபாம்புக்கே பயப்படாத மனிதர்!

சோப்புப் போட்டுக் கை தேய்த்தார், குளித்தார், சட்டையைத் தனியாக ஊறவைத்தார். அதற்குள் பிள்ளை அடங்கிவிட்டது.

"தூங்கிருச்சு போல. செத்த நேரம் பாப்போம்" என்று வயிற்றில் கைவைத்து உட்கார்ந்தார். சோறு ஆறிப்போனது. அவர் எழுந்திருக்கவில்லை. பிறகு அந்த உள்ளங்கைக்கு நேராக ஒரு உதை. இவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பிடும்போது மெதுவாகச் சொன்னார்: "பிள்ள பிறக்குற வரைக்கும் பாம்பு, உடும்பு பிடிக்க வேற ஆளக் கூப்பிடச் சொல்லிட்டேன்."

நான் கேட்கவே இல்லை. ஒரு வாரமாகக் கேட்க வாயெடுத்து, கேட்காமலே விட்டிருந்தேன்.