மூடி திறக்காத பாட்டில்

அன்புத் தம்பிக்கு,

நலமா? இங்கே நேற்றும் கரண்ட் போய், குளிரறையில் வைத்திருந்த மீனெல்லாம் நாறிவிட்டது.

நீ பணம் போடும் சின்ன அணு உலைக்கு நம் கடலோர நிலத்தைக் கேட்டு, டிரைவரிடம் ஷ்னாப்ஸ் சாராய பாட்டில் கொடுத்தனுப்பியிருக்கிறாய். நம் ஊர் வழக்கப்படி அதைத் திறந்து குடித்தால் நிலத்தைக் கொடுத்த மாதிரி. அட்டோ மாமாவுக்குக் கை பரபரக்கிறது.

"கரண்ட் வருதுன்னா திறந்து தொலையேன் தாயி!"

"அவன் தலைநகரம் அக்ராவுல சொகுசா இருக்கான். உலைக்குப் பக்கத்துல குடியிருக்கப்போறது நாமதானே மாமா?"

எனக்கும் கரண்ட் வேண்டும்தான். பாட்டிலை எடுக்கிறேன், வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன்.

அதே டிரைவரிடம் திருப்பி அனுப்புகிறேன். இனி கொண்டுவருவதானால், பெண்டாட்டி பிள்ளைகளோடு நீயே வா. உலைக்குப் பக்கத்து மனையில் உன் வீட்டுக்கு அஸ்திவாரம் போடு. அன்றைக்கு மூடியை நானே திறக்கிறேன்.

கரண்டுக்கு ஏங்கும்,
உன் அக்கா