‘தூஸ்’ என்பது ஒரே அசை

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே வெயில். பத்து மணிக்குக் கரண்ட் போனது. பால் திரிந்துவிட்டது. ஜெசிந்தாவின் பிரெஞ்சு வாய்மொழித் தேர்வு முடிவு வந்தது. தேறவில்லை.

வேடசந்தூர் ஆஸ்பத்திரி நர்ஸ். கனடாவில் பிரெஞ்சு பேசும் ஊரில் வேலைக்காக, டூட்டி முடிந்த கையோடு பஸ் ஏறித் திண்டுக்கல் வந்து ஒன்பது மாதமாக என்னிடம் படிக்கிறாள். எழுத்தில் நல்ல மார்க்.

“‘பிள்ளைகள் இருமுகிறார்கள்’னு வாசிச்சேன் டீச்சர். பரீட்சை வச்ச அந்தம்மா மூணு தடவ என்னன்னு கேட்டுச்சு. எனக்குத் தடிச்ச நாக்கு.”

“இன்னும் பழகணும்,” என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்
அதே வாக்கியத்தை ஒரு பிரெஞ்சுக்காரி வாசிப்பதைப் போனில் கேட்டேன். லே-ஸான்-ஃபான் தூஸ். பத்துத் தடவை போட்டேன். தூஸ்தான். ஒரே அசை. ‘இருமுகிறார்கள்’ என்பதற்கு நான் சொல்லிக்கொடுத்தது தூ-சான். அந்த வினைச்சொல்லின் கடைசி மூன்று எழுத்துக்கு ஒலியே இல்லையாம்.

கல்லூரியில் மார்க்குக்காக எடுத்த பிரெஞ்சு. கண்ணால் படித்ததோடு சரி, காதால் கேட்டதில்லை. அவள் நோட்டில் அசை பிரித்துக் கோடு போட்டது என் பேனா.

தப்பாகச் சொன்னவை: இருமுகிறார்கள், பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், வருகிறார்கள். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

சனிக்கிழமை வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூன் 11, புதன்
வாங்க: ஜவ்வரிசி, சோப்பு, சாக்பீஸ்.

ஜெ. போன். “எங்க டாக்டர்ட்ட நாக்கக் காட்டுனேன் டீச்சர். அடியில சதை கொஞ்சம் இழுத்துப் பிடிக்குதாம். அதனால பேச்சுக்கு ஒண்ணுமில்லேங்கிறாரு. நாந்தான் கெஞ்சி வெட்டிவிடச் சொல்லிருக்கேன். நாளைக்குக் காலைல.”

“சரி, பாத்து,” என்றேன்.

பாத்து! போனை வைத்த பிறகுதான் உறைத்தது. திரும்ப நாலு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. டூட்டி.

ஜூன் 12, வியாழன்
முதல் பஸ். மில் பெண்கள் நெரிசல், நின்றுகொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“வெட்ட வேணாம் ஜெசிந்தா. ஒன் நாக்கு நல்லாத்தான் இருக்கு. நாந்தான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்.”

போனை அவள் காதில் வைத்தேன். ஒரே தடவை கேட்டுவிட்டுச் சொன்னாள்: “தூஸ்.” அச்சு அசல்.

அப்புறம் அழுதாள். “வீட்ல எல்லாரும் சிரிச்சப்பக்கூட எந்நாக்கத்தான் டீச்சர் வஞ்சேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“முந்தாநாள்.”

“நேத்துப் போன்ல சொல்லலியே.”

போனைப் பைக்குள் வைத்தேன்.

“இனி நான் ஆன்லைன்ல படிச்சுக்கிறேன்.” டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு வார்டுப் பக்கம் நடந்தவள், நின்று திரும்பினாள். “மத்த பிள்ளைகளுக்குச் சொல்லிட்டீங்களா?”

ஜூன் 14, சனி
தூறல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர். போர்டில் அதே வாக்கியம் எழுதினேன். கணீரென்று, ஒரே குரலில்: தூ-சான்.

“தப்பு. நான் சொல்லிக்கொடுத்ததே தப்பு.”

போனைப் போட்டுக் கேட்கவைத்தேன். நோட்டில் அடித்துத் திருத்தினார்கள். காவ்யா மட்டும் பென்சிலை நிறுத்தினாள். “அப்ப முன்னாடி படிச்சுட்டுப் போன அக்காங்களுக்கு, மிஸ்?”

மூன்று பேரின் நம்பர்தான் இருந்தது. மதியம் அடித்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. மூன்றாவது பெண்ணுக்கு என் குரல் கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். ஒட்டன்சத்திரத்தில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறாளாம். என் பழைய நோட்டை வைத்துத்தானாம்.