மேலே கௌசல்யா என்றுதான் இருந்தது

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து புழுக்கம். மூன்று மணிக்குக் கோட்டை மலைக்குப் பின்னால் கருத்துக்கொண்டு வந்தது. செய்ய வேண்டியவை: பிரிண்டருக்கு மை, என் பிரவுசிங் சென்டர் பலகைக்கு ஆணி, தாள் இரண்டு கட்டு. ஒன்றும் நடக்கவில்லை.

நர்சிங் சேர்க்கைக்குக் கடைசி நாள். ஏழு கல்லூரிக்கும் ஒரே இணையதளம். எந்தக் கல்லூரி வேண்டும் என்று குறித்து உறுதி செய்ய வேண்டும். இன்று வரை மாற்றலாம், கடைசியாக உறுதி செய்ததுதான் கணக்கு. சிங்கவரத்துக் கொத்தனார் ஏழுமலை, மகள் கௌசல்யாவுக்காக வந்தார். பெண் வரவில்லை. அம்மா பக்கவாதத்தில் படுக்கை, பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை.

"விழுப்புரம் மட்டும் போடும்மா. டெய்லி பஸ்ல போயிட்டு வந்துடுவா. வேற ஊருன்னா படிப்பே வாணாம்."

பாதியில் சான்றிதழ் எண் கேட்டது. கடைக்குள் டவர் இல்லை, மகளிடம் கேட்கத் தெருவுக்குப் போனார். அதற்குள் வல்லத்திலிருந்து தீபா என்ற பெண் வந்தாள். அதே தளம்தான். போன வாரமே சென்னை கேட்டுப் போட்டுவிட்டாள், இப்போது ஒரு பிரிண்ட் மட்டும். இன்னொரு டேப் திறந்து, அவள் கணக்கில் நுழைந்து, எடுத்துக் கொடுத்தேன். எப்போதும் செய்வதுதான். ஏழுமலை வந்ததும் பழைய டேப், எண், 'உறுதி செய்'.

தூறல். சைக்கிளில் போகிறவர். நனையக்கூடாதென்று பிரிண்டை அப்படியே மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டேன்.

"ஆயிடுச்சாம்மா?"

"ஆயிடுச்சுண்ணா. தைரியமா போங்க."

ஜூன் 23, திங்கள்

வெயில். பட்டியல் வந்துவிட்டது. தீபா போன்: "அக்கா, நான் சென்னைதான போட்டேன்? விழுப்புரம் வந்திருக்குது. இன்னாக்கா இது?"

பட்டியலில் கௌசல்யாவின் எண்ணைத் தேடினேன். 'விருப்பம் எதுவும் பதிவாகவில்லை.'

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு டேப் திறந்து பார்த்தேன். முதலில் கௌ., அடுத்ததில் தீபா. தீபா உள்ளே வந்ததுமே கௌ.வைத் தளம் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடுகிறது. ஆனால் பழைய டேபில் மேலே கௌசல்யா, கௌசல்யா என்றே நிற்கிறது. அன்றைக்கு நான் உறுதி செய்தது தீபாவின் கணக்கில் ஏறியிருக்கிறது. கௌ.வுக்கு ஒன்றுமே இல்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

தளத்துக்குப் புகார் எழுதினேன். 1. வேறு ஆள் நுழைந்தால் பழைய பக்கம் உடனே சொல்ல வேண்டும். 2. சொல்லாவிட்டாலும், யார் பெயரில் ஏறப்போகிறது என்று அழுத்தும்போதாவது கேட்க வேண்டும். 3. கௌ.வுக்கு இன்னொரு வாய்ப்பு.

பதில் இரண்டு நிமிடத்தில்: 'உங்கள் கருத்துக்கு நன்றி.' போன் செய்தேன். "பிரிண்ட்ல பேர் பாக்கலியா மேடம்?" பார்க்கவில்லை. தளத்தை என்ன திட்டினாலும் அது என் தப்பு. மறுபடி திறக்க முடியாதாம். தீபா விட்டுக்கொடுத்தாலும் இடம் கௌ.வுக்கு வராதாம்.

மை வாங்கினேன்.

ஜூன் 25, புதன்

சிங்கவரம் போனேன். ஏழுமலை நாற்காலி போட்டார். சொன்னேன். புரியாமல் உள்ளே போய், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்து வந்தார். பிரிக்கவே இல்லை, என் மடிப்பு அப்படியே இருந்தது. கௌ. பிரித்துப் படித்தாள்.

"தீபான்னு இருக்குது நைனா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார்.

"மார்க் பத்தலன்னு இவள கண்டபடி திட்டிட்டேம்மா. ரெண்டு நாளா சோறு துன்னல."

என்னைத் திட்டியிருக்கலாம். கௌ. தாளைத் திரும்ப மடித்து வைத்துவிட்டு, அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்க எழுந்து போனாள். பஸ்ஸில் ஏறியதும் அழுதுவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

காற்று, தூசி. தீபா விழுப்புரத்தில் சேர்ந்துவிட்டாளாம். சென்னை இல்லையே என்று அவளுக்கும் அழுகை.

பதினொரு மணிக்குக் கௌசல்யா வந்தாள், தனியாக. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜவுளிக்கடையில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், ஆன்லைனில் விண்ணப்பம். நர்சிங்குக்கு அடுத்த வருஷம் போடலாம்மா என்றேன்.

"பாக்கலாங்க்கா."

உட்கார்ந்தாள். நான் மௌஸைத் தொடுவதற்குள்:

"வேற யார்துனா தொறந்து இருக்குதா?"

"இல்லம்மா."

ஆனாலும் எட்டிப் பார்த்தாள். ஒரே டேப். பிரிண்ட் வந்ததும் பெயரின் மேல் விரல் வைத்துப் படித்தாள். கவர் நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே போனாள்.