இரண்டாவது இறுக்கம்

நேற்று மத்தியானம் உன் மகள் ஒர்க்ஷாப்பில் என் ஸ்டோருக்கு வந்திருந்தாள். கையில் ஒரு துணிப் பொட்டலம். அவள் முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்பே மண்ணெண்ணெய் வாசனை வந்துவிட்டது, உள்ளே இருப்பது இன்னதென்று எனக்கும் தெரிந்துவிட்டது. நீ பல்சக்கரம் வெட்டிய மில்லிங் மெஷினோடு சீமையிலிருந்து வந்த அந்த இங்கிலீஷ் புத்தகம். "அப்பாவுக்க பெட்டியில இருந்துது மாமா. ஒர்க்ஷாப்பு சாதனம், மாமாட்ட குடுத்திரணும்ணு அம்மா சொன்னாவ" என்றாள். வாங்கி மேஜைமேல் வைத்தேன். நான் அதைத் திறந்து பார்க்காததை அவள் கவனித்திருப்பாள். உன் மகளல்லவா, எதுவும் தப்பாது.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. பதினெட்டு நாள் ஜுரத்தில் ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நீ செய்யவில்லை. மார்த்தாண்டத்துக்கு நான் வந்து பார்த்தபோதுகூட, "ஸ்டோர யாரு பாத்துக்கிடுகா?" என்று கேட்டாய். அதைத் தவிர உனக்கு வேறு கவலை கிடையாது போலிருக்கிறது என்று எரிச்சல்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன். அதுதான் நம் கடைசிப் பேச்சு.

உன் மகளுக்கு மெஷினைப் பார்க்க வேண்டுமாம். கூட்டிக்கொண்டு போனேன். அதே மூலையில்தான் நிற்கிறது. ஆர்பர் என்றால் என்ன என்று கேட்டாள். பல் வெட்டும் வட்டக் கத்தியைச் சுமக்கிற எஃகுத் தண்டு அம்மா, அதன் ஒரு முனை கூம்பாக இருக்கும், அது சுழல்கிற ஸ்பிண்டிலுக்குள் போய் உட்காரும், பின்பக்கத்திலிருந்து ஒரு நீளமான போல்ட் அதை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். உனக்குப் போய் இதை எழுதுகிறேனே என்று சிரிக்காதே. உன்னைவிட அவள் சீக்கிரம் புரிந்துகொண்டாள்.

பிறகு ஸ்டோருக்குத் திரும்பி வந்து புத்தகத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தாள். கேட்டாளே ஒரு கேள்வி. "ஹாஸ்டலுக்கு நேரமாச்சு, நாளைக்கு நாலு மணிக்கு வா, சொல்றேன்" என்று அனுப்பிவிட்டேன். இப்போது மணி இரண்டாகப் போகிறது. அதற்குள் உன்னிடம் பேசி முடிக்க வேண்டும்.

யுத்த காலம் அது. பெங்களூரில் ஒரு புது ஒர்க்ஷாப்பில் உனக்கு வேலை கிடைத்திருந்தது. வேலையைப் பற்றி நீ அதிகம் பேசவில்லை, அவர்கள் கொடுக்கிற இரண்டு அறை வீட்டைப் பற்றித்தான் பேசினாய். "ரெண்டு முறி வே. பொறத்தால ஒரு கதவு. கதவத் தொறந்தா தண்ணிக் கொழாய். எனக்க பிள்ளைய நாலு நாளு சேந்தாப்புல நான் பாத்தது இல்ல, தெரியுமா?" தம்பானூரில் நீ ஐந்து பேரோடு ஒரே அறையில் கிடந்தாய். உன் மனைவியும் மகளும் மார்த்தாண்டத்தில் மாமனார் வீட்டில். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருவாய். அந்த வீடு கிடைத்தால் மூன்று பேரும் ஒன்றாக இருக்கலாம். சனிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் இடம் வேறொருவனுக்கு என்று கடுதாசியில் போட்டிருந்தது. அந்தக் கடுதாசியை உனக்குப் படித்துச் சொன்னவனே நான்தான்.

அது வரைக்கும் உனக்கு வந்த எந்த இங்கிலீஷ் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொன்னேன். நான் இன்டர்மீடியட்டில் தோற்றவன், அந்தத் தோல்விக்கு ஒர்க்ஷாப்பில் ஒரே மரியாதை உன்னிடம்தான் கிடைத்தது. உனக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனால் நான் உன்னை நீ என்றேன், நீ என்னை நீர் என்றாய். அது எப்படி வந்தது என்று நாம் யோசித்ததே இல்லை, இப்போது யோசிக்கிறேன். மத்தியானம் ஒரே பலகையில் முதுகோடு முதுகு சாய்ந்து சாப்பிடுவோம். உன் மரச்சீனிக் கிழங்கும் மீனும் என் கண்ணில் படக்கூடாதென்று நீயே கண்டுபிடித்த ஏற்பாடு அது. "ஐயரே, வாசனைக்கு நான் பொறுப்பில்ல கேட்டீரா" என்பாய். எதிரெதிராக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் கரமனை ஆற்றில் முழுகி, ஈர வேஷ்டியோடுதான் நான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். ஒர்க்ஷாப் தீட்டு. உள்ளே போனாலும் பேச ஆள் கிடையாது. என் மனைவி பிரசவத்தில் போய் அப்போது மூன்று வருஷம். மன்னி சாதம் போடுவாள், அப்பா இருமுவார், அண்ணா பஞ்சாங்கம் பார்ப்பான். படுக்கப் போகும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். மறுநாள் மத்தியானம் உன் முதுகில் சாய்ந்த பிறகுதான் எனக்கு வாய் திறக்கும். நீ போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? இதை உன்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நீ என்னைக் கேலி பண்ணிச் சிரித்திருப்பாய், அத்தோடு தீர்ந்திருக்கும். சொல்லத் துப்பில்லாமல் போயிற்று.

முதல் தப்பைச் செய்தது நீதான். அதையும் எழுதிவிடுகிறேன், நான் ஒருத்தன் மட்டும் அகப்பட்டுக்கொள்ள மாட்டேன். முந்தின வாரம் சனிக்கிழமை முழுக்க மெஷின் ஓடி ஸ்பிண்டில் கொதித்துக் கிடந்தது. ஊருக்குப் போகிற அவசரத்தில் குளிர்ந்த ஆர்பரை அந்தச் சூட்டிலேயே ஏற்றி, ஸ்பானரில் குழாயைச் செருகி, உள்ள பலத்தையெல்லாம் போட்டு முறுக்கினாய். ஞாயிற்றுக்கிழமை ஸ்பிண்டில் குளிர்ந்து சுருங்கி ஆர்பரைக் கவ்விக்கொண்டது. திங்கட்கிழமை வித்துரா எஸ்டேட்டின் தேயிலை மெஷினுக்குப் பல்சக்கரம் வெட்ட வேறு ஆர்பர் மாட்ட வேண்டும். பழையது அசையவில்லை.

சூப்பிரண்டு வந்து பார்த்தார். "அது ஊரி எடுத்திட்டு போயால் மதி" என்று மலையாளத்தில் ஒரே வரி. ஆர்பர் கழன்று வந்தால்தான் உனக்கு விடுதல் சீட்டு. அந்தச் சீட்டு இல்லாமல் பெங்களூரில் உன்னைக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். வியாழக்கிழமை சாயங்கால வண்டியைப் பிடித்தாக வேண்டும். திங்கட்கிழமை பூரா மண்ணெண்ணெய் விட்டு ஊறப்போட்டாய். செவ்வாய்க்கிழமை காலை ஈயச் சுத்தியால் போல்ட்டின் தலையில் அடித்துப் பார்த்தாய்.

போல்ட்டைத் தளர்த்தினால் முதலில் விடும், அரைச் சுற்று சும்மா ஓடும், பிறகு மறுபடி இறுகும். மற்ற நாட்களில் அந்த அரைச் சுற்றிலேயே ஒரு தட்டு தட்டினால் ஆர்பர் கையோடு வந்துவிடும், அதனால் யாரும் அதற்கு மேல் திருப்பியதில்லை. கழற்றும்போது இறுகினால் உடனே நிறுத்து, இல்லாவிட்டால் போல்ட்டின் மரை தேய்ந்து போய்விடும் என்பது நம் ஒர்க்ஷாப்பில் எல்லார் கைக்கும் பழகிப்போன பாடம். மரை போனால் யுத்த காலத்தில் வேறு போல்ட் எங்கிருந்து வரும்? நீயும் ஒவ்வொரு தடவையும் அந்த இரண்டாவது இறுக்கத்தில் நிறுத்தினாய், திரும்ப வந்தாய், சுத்தியை எடுத்தாய்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பலகையில் உட்கார்ந்து, "அலமாரியில அதுக்க பொஸ்தகம் உண்டும்லா வே? இந்தப் போல்ட்டப் பத்தி என்ன எழுதியிருக்குண்ணு கொஞ்சம் வாசியும்" என்றாய். அலமாரிச் சாவி என் பூணூலில் தொங்கியது. எடுத்து வந்து உன் முதுகில் சாய்ந்துகொண்டே படித்தேன். நீ சோற்றுக்கையைக்கூடக் கழுவாமல் காத்திருந்தாய்.

அதில் எழுதியிருந்தது. ஒரு முழுப் பக்கம், பெரிய எழுத்தில், படத்தோடு. தளர்த்தும்போது போல்ட் இரண்டாவது தடவை இறுகும், அங்கே நிறுத்தாதே, அந்த இறுக்கம்தான் ஆர்பரை வெளியே தள்ளுகிறது, பலமாகத் திருப்பு என்று. போல்ட்டின் கழுத்தில் உள்ள வளையம் பின்மூடியில் போய் முட்டி, ஆர்பரை நெட்டித் தள்ளுமாம். அவ்வளவுதான் சங்கதி. ஒரு நிமிஷ வேலை.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். "ஒண்ணுமில்லை. எண்ணெய் விடற விஷயமாக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே விதவிதமாகக் காரணம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் நிற்கவில்லை. நீ போகக்கூடாது என்று நினைத்தேன், அதுதான். உன் முதுகு ஒரு தடவை மூச்சு விட்டு அடங்கியதை என் முதுகு உணர்ந்தது. "செரி" என்று கை கழுவ எழுந்து போனாய்.

புதன்கிழமை ஊதுவிளக்கை வைத்துச் சூடு காட்டினாய். உன் புருவம் கருகியது. நான் ஸ்டோர் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பி உன்னைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்தேன், உள்ளே நின்றவன் நான். அன்றைக்குச் சாயங்காலம் ஆற்றில் மூன்று தடவை கூடுதலாக முழுகினேன்.

வியாழக்கிழமை உன் மனைவி மகளோடு முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டாள். ஸ்டேஷனில் காத்திருக்கிறார்கள், ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு வாரும் என்று என்னைத்தான் அனுப்பினாய். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு அம்மிக் குழவி. அம்மி அங்கே கிடைக்கும், கைக்குப் பழகிய குழவி கிடைக்காதே என்றாள் உன் மனைவி. உன் மகளுக்கு அப்போது ஏழு வயது. காப்பியை ஊதிக்கொண்டே, "அப்பா இனிம ராத்திரியும் வீட்டிலதான இருப்பாவ?" என்று என்னைக் கேட்டாள். டம்ளரைக்கூடத் திருப்பி வாங்காமல் கிளம்பிவிட்டேன்.

ஓடித்தான் வந்தேன். நீ மெஷினடியில் தரையில் உட்கார்ந்திருந்தாய், சுத்தி மடியில் கிடந்தது. "ஒரு வரி விட்டுப் போயிடுத்து, கேட்டியா" என்றேன். "ரெண்டாவது தடவை இறுகறப்போ நிறுத்தப்படாது. இன்னும் திருப்பணுமாம்."

நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்றுவரை எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை. கோபமில்லை. எழுந்தாய், ஸ்பானரைப் போட்டாய், குழாயைச் செருகினாய். இறுகியது. நிறுத்தவில்லை. 'டக்'கென்று ஒரு சத்தம், ஆர்பர் அரை அங்குலம் முன்னால் வந்து நின்றது. மூன்று நாள் அடி வாங்கியும் அசையாதது குழந்தைக்குப் பல் விழுந்த மாதிரி வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

சூப்பிரண்டு இல்லை. எஸ்டேட்காரர்களைச் சமாதானம் செய்ய மத்தியானமே வித்துராவுக்குப் போய்விட்டாராம். வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்துதான் சீட்டில் கையெழுத்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை படித்துச் சொல்லியிருந்தால் புதன்கிழமை காலையே சீட்டு உன் சட்டைப்பையில் இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலமே நீ தனியாக வண்டி ஏறினாய். அவர்கள் இருவரும் குழவியையும் தூக்கிக்கொண்டு திரும்பவும் மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறினார்கள்.

அடுத்த வாரம் நீ திரும்பி வந்தாய். இடம் போய்விட்டது. பலகையில் உட்கார்ந்து முதுகைச் சாய்த்து, "அங்க பயங்கரக் குளிரு வே" என்றாய். எனக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. நீ என் பக்கத்தில் ஏழு வருஷம் இருந்தாய், சாகும்வரை இருந்தாய்.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு காகிதத்தைக்கூட என்னிடம் படிக்கக் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் உன் மகளின் பாடப் புத்தகத்தை வாங்கி எழுத்துக் கூட்டப் பழகினாய். ஒர்க்ஷாப்பில் எல்லாரும் கேலி செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். ஐந்து வருஷம் கழித்து ஒரு நாள் ஸ்டோர் ஜன்னலில் வந்து, "அந்தப் பொஸ்தகத்த எடும். பிள்ளைக்கு இங்கிலீசு வாசிச்சுப் பழகணும்" என்றாய். எடுத்துக் கொடுத்தேன். நீ திருப்பித் தரவில்லை. திருப்பிக் கேட்க எனக்குத் தைரியமும் வரவில்லை. இரண்டு வருஷம் தினமும் மத்தியானம் நீ வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்றைக்குக் கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன். நீ மீன் முள்ளைப் பற்றிப் பேசினாய், மழையைப் பற்றிப் பேசினாய்.

நேற்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு வார்த்தைக்குக் கீழேயும் பென்சிலில் தமிழ் அர்த்தம். பாதி உன் கோணல் எழுத்து, பாதி உன் மகளுடைய குண்டு எழுத்து. 'மறுபடி', 'இறுகும்', 'நிறுத்தாதே'. ஓரத்தில் ஒரு குறிப்பும் கிடையாது, ஒரு கோடுகூடக் கிடையாது. ஒரு வரி விட்டுப்போகிற பக்கமா அது? குருடனுக்குக்கூடத் தெரியும். தெரிந்துகொண்டேதான் என் முதுகில் சாய்ந்து சாப்பிட்டாயா? என்னை மன்னித்தாயா, அல்லது உனக்கும் போக்கிடம் இல்லையா? இதை நீதான் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும், சொல்லாமல் போய்விட்டாய்.

நீ கேட்காததை அவள் கேட்டுவிட்டாள். பக்கத்தின்மேல் விரலை வைத்து, "இவ்வளவு பெருசா எழுதியிருக்கே மாமா. அப்பாவுக்கு அன்னைக்கு இத யாரும் வாசிச்சுக் குடுக்கலியா?"

நாலு மணிக்கு வருவாள். இன்னொரு தடவை ஏதாவது சொல்லி மழுப்பலாம், எனக்கா தெரியாது. நேற்று ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தேன், எல்லாப் பொய்யும் பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. இனி நிறுத்தப் போவதில்லை. பலகையை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறேன். இந்தத் தடவை முதுகைக் காட்டி உட்காரப் போவதில்லை. அவளை எதிரே உட்கார வைத்து, அந்தப் பக்கத்தை முதல் எழுத்திலிருந்து வாய்விட்டுப் படிப்பேன். அன்றைக்கு உனக்குப் படித்திருக்க வேண்டியபடி, ஒரு வரி விடாமல். படித்து முடித்துவிட்டு, யாரும் வாசித்துக் கொடுக்கவில்லையா என்று கேட்டாயே, அந்த ஆள் நான்தான் அம்மா என்று சொல்வேன்.