மண்டபம் கேட்காத பாட்டு

நேற்றுப் பின்னேரம் கட்டுகஸ்தோட்டையில் பயிற்சிக்குப் போயிருந்தேன். ரிஸ்வான் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். நம் இசைக்குழுவுக்கு மிக்சரில் உட்கார்ந்து ஒலியைப் பார்த்துக்கொள்ளும் அதே அக்குறணை ரிஸ்வான்தான். "புதுசா ஒராள் பாட வாராங்க. இது ஓங்கட கூட்டாளிட சாமான். நீங்களே வச்சுக்கோங்க தாத்தா" என்றான். திறந்ததும் தைல மணம் வந்தது. உள்ளே உன் இன்-இயர், அந்தக் காதுக்குள் வைக்கும் மொனிட்டர், வயர் சுற்றியபடி கிடந்தது. நீ சுற்றிய விதத்திலேயே இருந்தது.

வத்தேகமவிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும்போதே உனக்குத் தலை இடிக்கும். இரண்டு காதுக்கும் பின்னால் தைலத்தைத் தேய்த்துக்கொண்டுதான் மேடை ஏறுவாய். ரப்பர் கெட்டுப்போகும் என்று குழுவை நடத்தும் நிமல் அண்ணன் கத்துவார், நீ கேட்டதே இல்லை. ரிஸ்வான் முதன்முதலில் உன்னைத் தாத்தா என்று கூப்பிட்ட நாளும் ஞாபகம் வந்தது. அவர்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தெரிந்துகொண்டே, "பாத்தியா கலா, கல்யாணமே ஆகல, என்னைய தாத்தாவாக்கிட்டான்" என்று வழியெல்லாம் சொல்லிச் சிரித்தாய். நேற்று அவன் என்னை அப்படிக் கூப்பிட்டபோது சிரிக்க எனக்குத் துணை இல்லை.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், நீ வத்தேகம கடைத்தெருப் பிள்ளை. எனக்குக் கோயில், உனக்குச் சேர்ச். ஒரே மாதத்தில் நிமல் அண்ணனின் கல்யாண இசைக்குழுவில் சேர்ந்தோம். நான் முதல் குரல், நீ இரண்டாம் குரல். நான் பாடும் மெட்டுக்குக் கொஞ்சம் கீழே, அதை ஒட்டியே கூட வரும் குரல் உன்னுடையது. கல்யாண வீட்டில் யாரும் அதைத் தனியாகக் கவனிக்க மாட்டார்கள், அது நின்றால்தான் ஏதோ குறைகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். "நீ சோறு, நான் உப்பு. உப்ப எவன் புள்ள பாராட்டுறான்?" என்பாய். பாராட்டு கிடைக்கவில்லை என்ற ஏக்கம் அதில் இல்லை. கொஞ்சம் திமிர்தான் இருந்தது.

இன்-இயர் வருவதற்கு முன்னால் நம் காலடியில் ஸ்பீக்கர்கள் இருந்தன. அதன் இரைச்சலில் பாடிப் பாடித் தொண்டை கிழியும். நிமல் அண்ணன் கொழும்பிலிருந்து இவற்றை வாங்கி வந்த அன்று நாம் புதுச் சீலை கிடைத்த மாதிரி குதித்தோம். காதில் வைத்தால் வெளி உலகம் அடைபட்டுவிடும். உள்ளே கீபோர்ட், தாளம், என் குரல், உன் குரல் மட்டும். எனக்கு அது சொர்க்கமாக இருந்தது. நீ மட்டும் முதல் பாட்டு முடிவதற்குள் முகத்தைச் சுளித்தாய்.

"கீபோர்ட் சுருதி எறங்கியிருக்கா?"

இறங்கவில்லை. கிட்டாரைப் பார்த்தோம், அதுவும் சரி. "நான் பாடுறது எனக்கே பெசகா கேக்குது" என்றாய். புதுசு, பழகிவிடும் என்றார் நிமல் அண்ணன். உனக்குச் சரியாகக் கேட்கவில்லை போல என்று ரிஸ்வான் சத்தத்தைக் கூட்டினான். கூட்டக் கூட்ட உன் குரல் இன்னும் கீழே போனது. என்னுடையதை உனக்கும் உன்னுடையதை எனக்கும் மாற்றிப் பார்த்தோம். எனக்கு உன்னுடையதிலும் எல்லாம் சுத்தமாகக் கேட்டது. உனக்கு என்னுடையதிலும் பிசகாகவே கேட்டது. ஆனாலும் எல்லோரும் மெஷினையேதான் திட்டிக்கொண்டிருந்தோம். மெஷினைத் திட்டுவது சுலபம், அது திருப்பிப் பேசாது.

பிறகு நீயே காது டாக்டரிடம் போனாய். இடது காதின் உட்பக்கம் கெட்டிருக்கிறது, ஒரே ஸ்வரம் வலது காதில் ஒரு மாதிரியும் இடது காதில் சற்றுத் தாழ்ந்தும் கேட்கும், மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். வத்தேகம பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அதை எனக்குச் சொன்னாய். "நல்லதுதான். இனிமே நான் தனியா பாடினாலே ரெண்டு பேரு பாடுற மாதிரி இருக்கும். நீ தேவையில்ல போ" என்று சிரித்தாய். பஸ் வந்து நின்றும் நீ ஏறவில்லை. அடுத்த பஸ் வரும்வரை என் தோளில் சாய்ந்து அழுதாய்.

வாரம் முழுக்கக் கண்டியில் ஒரு துணிக்கடையில் நின்றபடியே சீலை விரித்து, மடித்து, அடுக்கி, மறுபடி விரிப்பவள் நீ. சனிக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாய். "பாடாட்டி நான் சீல மடிக்கிறவ மட்டுந்தான் கலா" என்று அன்று சொன்னாய். அதை நீ வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ரிஸ்வான் உன் இடது பக்கத்தில் சத்தமே வராமல் மூடிப் பார்த்தான். ஆனால் காதை அடைத்துக்கொண்டு பாடும்போது சொந்தக் குரல் எலும்பு வழியாகவே உள்ளே ஏறும், அதற்கு மூடி போட முடியாது. கடைசியில் வழி கண்டுபிடித்தது நீதான். மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டாய். உன் சுருதி இறங்கினால் நான் விரலை அழுத்த வேண்டும், சரியாக இருந்தால் கட்டை விரலால் தடவ வேண்டும். உன் காதுக்குப் பதில் என் காது. மெல்ல மெல்ல அழுத்த வேண்டிய இடங்கள் குறைந்தன. கல்யாண வீடுகளில் மாமிமார் வந்து, "அக்கா தங்கச்சியா? என்ன ஒரு பாசம்!" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போவார்கள். "பாசமில்ல ஆன்ட்டி, கரண்டு" என்பாய் நீ.

அந்த ஆற்றங்கரை ஹோட்டல் கல்யாணத்தை நான் நினைக்காமல் இருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டார்கள் என்று நிமல் அண்ணன் வயர் இல்லாத மைக்கை என் கையில் தந்து, காது மொனிட்டருக்கும் வயர் இல்லாத சின்னப் பெட்டியை இடுப்பில் மாட்டவைத்து, மேசைகளுக்கு நடுவே நடந்து பாடச் சொன்னார். நான் இறங்கிப் போனேன். நீ மேடையில் தனியாக நின்றாய். முதல் பாட்டில் உன் குரல் வழுக்கியது. என் காதுக்குள் அது தெளிவாகக் கேட்டது, பிடிக்க எனக்குக் கை எட்டவில்லை. மண்டபத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்தது கடைசிப் பாட்டு. மணமக்களைப் பார்த்துப் பாட வேண்டிய நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீயும் கண்ணை எடுக்காமல் என்னைப் பார்த்தாய். பிறகுதான் புரிந்தது, நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் மூச்சு எடுக்கும்போது எடுத்தாய், என் தொண்டை ஏறும்போது ஏறினாய். இரண்டாவது சரணத்தில் உன் குரல் வந்து என் குரலோடு உட்கார்ந்தது. அப்படி ஒரு இழைவு, உன் காது நன்றாக இருந்த நாட்களில்கூட நமக்கு வந்ததில்லை. எனக்குக் கண் நிறைந்து மேசைகள் கலங்கின. பாட்டு முடிந்ததும் மேடைக்கு ஓடி வந்தேன். "வந்துச்சுல்ல? வந்துச்சுல்ல?" என்று என்னை உலுக்கினாய்.

சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது பெண்ணின் பெரியம்மா உன்னிடம் அன்பாகத்தான் கேட்டார். "ஏன் மகள், கடைசிப் பாட்டுல நீங்க பாடலியா? வாய மட்டும் அசைச்சிங்க? தொண்ட சரியில்லியா?"

நீ தட்டை வைத்துவிட்டு நேராக ரிஸ்வானிடம் போனாய். நானும் பின்னால் வந்தேன். அவன் வயர் சுற்றுவதை நிறுத்தவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை. "மொத பாட்டோட நிமல் அண்ணன் சைகை காட்டினாரு. வெளிய மூடு, காதுல வுடு எண்டாரு. ஓங்க ரெண்டு பேர்ட காதுக்கும் மட்டுந்தான் வுட்டேன் தாத்தா. மன்னிச்சிக்கோங்க" என்றான்.

மேடையில் ஸ்பீக்கர் இருந்த காலமாக இருந்தால் முதல் வரியிலேயே உனக்குத் தெரிந்திருக்கும். இது காதை அடைத்துக்கொண்டு பாடும் காலம். உன் குரல் உனக்குள்ளும் எனக்குள்ளும் நிறைந்திருந்தது, அது மண்டபத்தை எட்டவில்லை என்று இருவருக்குமே தெரியவில்லை.

"நங்கி மனசு நோகக் கூடாதுன்னுதானே காதுல விடச் சொன்னேன்" என்றார் நிமல் அண்ணன். எப்போதும் நம்மைத் தங்கை என்ற அர்த்தத்தில் அப்படித்தான் கூப்பிடுவார். அவர் கெட்டவர் இல்லை, அது எனக்கும் தெரியும். இன்னும் அவர் குழுவில்தான் பாடுகிறேன். ஆனாலும் அந்த நியாயத்தை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. நீ வயரைச் சுற்றிப் பெட்டியில் வைத்து, பெட்டியை ரிஸ்வானிடம் கொடுத்துவிட்டு வெளியே நடந்தாய். அதற்குப் பிறகு நீ எங்கேயும் பாடவில்லை. சேர்ச்சில்கூடக் கடைசி வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பதாக உன் அம்மா சொன்னார்.

அதன் பிறகு நாம் சந்தித்த ஒவ்வொரு தடவையும் நீ ஒன்றையே கேட்டாய். "உண்மையச் சொல்லு. அந்தக் கடைசிப் பாட்டு சரியா வந்துச்சா?"

வந்தது என்பேன். "என்னைய சமாதானப்படுத்தச் சொல்ற" என்பாய். இல்லை என்று சண்டை போட்டிருக்கிறேன், கோபத்தில் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கிறேன். நீ மட்டும் அசையவில்லை. உன் காதை உன்னால் நம்ப முடியவில்லை. நட்பு என் காதைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தாய்.

மழைக்காலத்தில் உனக்கு டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நீ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாயாம். நான் வார்டுக்கு வந்தபோது உதடு வெடித்துக் கிடந்தாய். அங்கேயும் அதையே கேட்டாய். என் முருகன் மேல் சத்தியம் செய்தேன். "ஒன் முருகன் ஒனக்காகப் பொய்யும் சொல்லுவாரு புள்ள" என்று சிரிக்கப் பார்த்தாய். பிறகு, "நெசமா வந்திருந்தா யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாம்" என்றாய். மறுநாள் நான் வருவதற்குள் நீ போய்விட்டாய்.

இப்போதும் சனிக்கிழமைகளில் பாடுகிறேன். நாளைக்கு உன் இடத்தில் புதுப் பெண் வந்து நிற்பாள், நன்றாகவே பாடக்கூடும். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்றைய பாட்டை அவளிடமோ உன் அம்மாவிடமோ எப்படிக் காட்டுவேன்? அதை யாரும் பதிவு செய்யவில்லை. மண்டபம் நிறைய இருந்தவர்களில் ஒருவர் காதிலும் அது விழவில்லை. உலகத்தில் அதைக் கேட்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி நம்பாமலே போய்விட்டாள்.

யாராவது ஒருத்தர் கேட்டிருக்கலாம் என்றாயே, நான் கேட்டேன் புள்ள. ஒரு இடத்தில்கூட நீ இறங்கவில்லை.