கடைசிக் கோட்டையை ஏன் வாங்கவில்லை?

அயனம்பாக்கம்
12-11-2025

அன்பு மகள் செலினுக்கு,

அம்மா எழுதுகிறேன். எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன். அப்பா சுகம். ஏரி நிரம்பித் தெருமுனை வரை தண்ணீர் வந்து போயிற்று, வீட்டுக்குள் வரவில்லை. எனக்குத்தான் பத்து நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணம் உன் போன கடிதம்.

ஜெபம், தோட்ட வேலை, புதிதாகக் கற்ற பாட்டு என்று எல்லாம் அழகாகத்தான் எழுதியிருந்தாய். கடைசியில் நம் சீட்டாட்டத்துக்கு எழுதிய வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. துடைப்பம் வாங்குகிறேன், கோட்டை வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய்.

நீ மடத்துக்குப் போன அன்று பாதியில் விட்ட சீட்டுகள் தையல் மிஷின் மேல் துண்டு போர்த்தி அப்படியே இருக்கின்றன. நவகன்னியர் பயிற்சி இல்லத்தில் போன் கிடையாது, மாதக் கடைசி ஞாயிறு ஒரு கடிதம் மட்டும் என்றதும், கடிதத்துக்கு ஒரு முறை ஆடலாம் அம்மா என்றவள் நீ. இரண்டு பேர் சீட்டையும் கலைத்துப் போடுவது நான். கலைப்பதில் இதுவரை ஒருநாளும் ஏமாற்றியதில்லை, மாதா சாட்சி.

உன்னிடம் கோட்டை நான்கு, என்னிடம் மூன்று, மேசையில் மிச்சம் ஒன்றே ஒன்று. அதை யார் வாங்கினாலும் ஆட்டம் முடிந்தது. விலை எட்டு காசு. உன் கைக்கு வந்த ஐந்து சீட்டில் காசுக்கு ஆவது பொன் இரண்டு, வெள்ளி ஒன்று. மூன்றும் மூன்றும் இரண்டும் எட்டு. வாங்கியிருந்தால் உனக்கு வெற்றி. அதை விட்டுவிட்டு மூன்று காசுக்குத் துடைப்பம் வாங்கியிருக்கிறாய். உதவாத பழைய சீட்டுகளைக் கழித்துக்கட்டுவதற்கு, ஆட்டம் தொடங்கும்போது வாங்க வேண்டிய சீட்டு அது. இப்போது அதை வாங்குவது பந்தி முடிந்த பிறகு இலை நறுக்கப் போவது போல. முதலில் கழி, பிறகு சேர், கடைசிச் சுற்றில் தயங்காதே என்று என் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவளே நீதானே.

அப்பாவிடம் காட்டினேன். "இன்னாமே, சீட்டுல இன்னா கீது? கொயந்த ஏதோ மறந்து எய்திகீது" என்று சொல்லிவிட்டுப் அழைப்புப் பத்திரிகைக்கு முகவரி எழுத உட்கார்ந்துவிட்டார். இருநூறு பத்திரிகை. பாடியில் இருக்கிற கம்பெனியில் அவரோடு வேலை பார்க்கிற அத்தனை பேருக்கும் கொடுத்தாயிற்று. டிசம்பர் எட்டு, நீ கன்னியாஸ்திரியாகக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு வர பஸ்ஸும் பேசியாயிற்று. பங்குச் சாமியார் பூசையில் உன் பெயரைச் சொன்னபோது கோயிலே கைதட்டியது. நானும்தான் தட்டினேன். இத்தனைக்கும் பிறகு ஒரு பெண் எனக்கு மனசு சரியில்லை என்று எப்படி எழுதுவாள்? அதிலும் நீ. சின்ன வயதில் உனக்குக் காய்ச்சல் என்பதே தொட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருடமாக போல்ட் பார்த்துத் தள்ளுகிறவள் நான். ஆயிரத்தில் ஒன்று கோணலாக இருந்தாலும் கை நின்றுவிடும். உன் கடிதத்தில் அந்த வரியில் நின்றுவிட்டது.

நானும் யோக்கியம் இல்லை. செப்டம்பரில் என் கைக்கு எட்டு காசு வந்தது. அதை மறைத்து ஏதோ சின்னச் சீட்டு வாங்கியதாக எழுதினேன். ஆட்டம் முடிந்துவிட்டால் உன்னிடம் பேச என்ன மிச்சம் இருக்கும் என்று பயம். நீயும் அம்மாவுக்காகத்தான் இழுக்கிறாயா? இல்லை, அந்த எட்டாம் தேதி வந்துவிடக் கூடாது என்று இழுக்கிறாயா? பத்து நாளாக இதையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, செலின்.

அதனால் இந்த முறை உன் சீட்டைக் கலைக்கவில்லை. ஐந்தையும் நானே பொறுக்கி எடுத்தேன், மாதா மன்னிப்பாள். பொன் இரண்டு, வெள்ளி ஒன்று, கூலி இரண்டு. கூலிச் சீட்டுக்கு ஒவ்வொரு காசு வைத்தால் மொத்தம் பத்து காசு. போதவில்லை என்றோ மறந்துவிட்டேன் என்றோ நீ சொல்ல வழியில்லை.

உனக்கு அங்கே மனம் நிறைந்திருந்தால் கோட்டையை வாங்கி என்னைத் தோற்கடி. நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்காருவேன். அழுவேன், அதை நீ கண்டுகொள்ளாதே. அப்படி இல்லையென்றால் மறுபடியும் கோட்டை வேண்டாம் என்று எழுது. காரணம் ஒரு வார்த்தை வேண்டாம். முப்பதாம் தேதி எழுதினால் மூன்று, நான்கு தேதிக்குள் என் கைக்கு வரும். அன்றே கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிவிடுவேன். அப்பாவையும் சாமியாரையும் இருநூறு பத்திரிகையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். நாலு பேர் என்னைத்தான் கேட்கட்டும். உன்னைக் கேட்க விடமாட்டேன்.

வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. உள்ளதைச் சொல் என்று மட்டும் கெஞ்சுகிறேன்.

படுக்கும் முன் உன் நெற்றியில் சிலுவை போட்டுவிடுவேனே, இப்போது என் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை. ஆண்டவரே போட்டுவிடட்டும்.

உன் அம்மா,
புஷ்பா

பி.கு.: உன் கட்டில் மேல் அப்பா அடுக்கியிருந்த பத்திரிகைக் கட்டுகளை இறக்கிவிட்டு, மெத்தை உறையும் மாற்றிவிட்டேன். எதற்கு என்று கேட்டார். தூசி என்றேன்.